வாய்மொழியும் ஓலையும்

கடாரத்து அரசன் தன் தந்தையின் பெயரால் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக விட்ட முதலாம் ராஜராஜனின் ஆணையை, கடல் கடந்து ஹாலந்து தேசத்து லெய்டன் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் லெய்டன் செப்பேடு என்றே பெயர் பெற்றுவிட்ட அந்தப் பெரிய சாசனத்தில் படிக்கிறவர்கள், தானத்தின் பெருமையைக் காட்டிலும், அந்த ஆணை எழுத்தில் ஏறுவதற்குக் கைகொடுத்த உத்தியோகஸ்தர்களின் நீண்ட வரிசையைக் கண்டே வியந்து நிற்பார்கள். சோழர் சாசனங்களில் பொதுவாகக் காணப்படும் முறை இது: அரசன் வாய்மொழியாகச் சொல்வான், அருகிலிருந்து அதைக் கேட்டுக் குறித்துக்கொள்கிறவன் திருவாய்க்கேள்வி, ஓலையில் எழுதுகிறவன் திருமந்திர ஓலை, எழுதியதைப் பார்த்து ஒப்பமிடுகிறவன் திருமந்திர ஓலைநாயகம், அப்புறம் புரவுவரித் திணைக்களத்தார் கூடியிருந்து அதை வரியிலிடவேண்டும். ஒவ்வொருவருக்கும் பெயரும் ஊரும் சாசனத்தில் உண்டு. அரசனைக் கேள்வி கேட்பார் அன்று ஒருவருமில்லை. ஆனால் அரசன் என்ன சொன்னான் என்பதில் யாருக்கும் சந்தேகம் எழ வழியில்லை. கேள்வி கேட்கிறவர்கள் பிற்காலத்தில் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் வந்த பிறகுதான், சொன்னது என்ன, சொன்னவர் யார் என்பது விவகாரமாயிற்று.

சென்னை ராஜதானியில் ஜனப்பிரதிநிதிகளுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட மந்திரிகள் என்று முதன்முதலாக மூவர் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டது 1920-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில். மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தம் எனப்பட்ட 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடந்த தேர்தலைக் காங்கிரஸ் பகிஷ்கரித்துவிட, தேர்ந்தெடுக்கப்பட்ட 98 ஸ்தானங்களில் 63-ஐக் கைப்பற்றிய ஜஸ்டிஸ் கட்சியின் தலைவர் பிட்டி தியாகராய செட்டியார் பதவி வேண்டாமென்று ஒதுங்கிக்கொண்டதால், சுப்பராயலு ரெட்டியார் முதல் மந்திரியானார். பானகல் ராஜா என்று பின்னால் பிரசித்தி பெற்ற ராமராய நிங்காரும், கே. வி. ரெட்டி நாயுடுவும் மற்ற இருவர். இவர்களுக்கு மந்திரி வேலை இன்னதென்று சொல்லிக்கொடுத்தவர் யார்? முன்னே அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த தமிழரோ தெலுங்கரோ இல்லை. பக்கத்து ராஜதானிகளிலும் அதே டிசம்பர், ஜனவரியில்தான் புது மந்திரிகள் விழித்துக்கொண்டிருந்தார்கள்.

பள்ளிக்கூடம் என்று ஒன்று இருந்ததென்றால் அது நகரசபைதான். 1882-ல் ரிப்பன் பிரபு ஸ்தல சுயாட்சியைப் பற்றி வெளியிட்ட தீர்மானம், நிர்வாகம் சீர்படுவதற்காக மாத்திரமின்றி ஜனங்களுக்கு ராஜீயக் கல்வி புகட்டும் சாதனமாகவும் அதைக் கருதுவதாக வெளிப்படையாகவே சொல்லிற்று. அந்தக் கல்வி எவ்வளவு தூரம் பலித்தது என்பதற்கு நம் கண்ணெதிரே உள்ள சாட்சி ராஜாஜி. 1917 முதல் சுமார் இரண்டு வருஷம் சேலம் நகரசபைத் தலைவராக இருந்து சாக்கடையோடும் குடிநீரோடும் வரிப்பாக்கியோடும் மல்லுக்கட்டிய அந்த வக்கீல், இருபது வருஷத்துக்குப் பிற்பாடு ராஜதானியின் பிரதம மந்திரியாக வந்து அமர்ந்தபோது கோப்பைக் கண்டு மிரளவில்லை. குழாயில் தண்ணீர் ஏன் வரவில்லை என்று வாசலில் வந்து கேட்கும் வீட்டுக்காரருக்குப் பதில் சொல்லிப் பழகியவருக்குச் சட்டசபையில் பதில் சொல்வது பெரிய காரியமில்லை என்பது என் அபிப்பிராயம்.

முதல் மூவருக்கு வாய்த்த சங்கடம் பழக்கக் குறைவைக் காட்டிலும் பெரியது. இரட்டை ஆட்சி என்ற அந்த ஏற்பாட்டில் நிதி, போலீஸ், நிலவரி, நீர்ப்பாசனம் முதலியவை கவர்னரின் நிர்வாகசபை அங்கத்தினர்களிடம் ஒதுக்கிவைக்கப்பட்டன. கல்வி, சுகாதாரம், ஸ்தல ஸ்தாபனம், விவசாயம், கைத்தொழில் ஆகியவை மந்திரிகளிடம் மாற்றப்பட்டன. பணப்பெட்டியின் சாவி ஒருவரிடம், வீட்டுச் செலவு இன்னொருவரிடம். கே. வி. ரெட்டி நாயுடு பதவியை விட்ட பிறகு, 1924-ல் இந்த ஏற்பாட்டை விசாரித்த முடிமன் கமிட்டியின்முன் சாட்சி சொல்கையில், காடு தம் வசமில்லாத அபிவிருத்தி மந்திரியாகவும், பாசனம் தம் வசமில்லாத விவசாய மந்திரியாகவும், தொழிற்சாலைகள் தம் வசமில்லாத கைத்தொழில் மந்திரியாகவும் தாம் இருந்ததை வரிசையாக எடுத்துச் சொன்னார். இந்த வாக்குமூலம் அப்புறம் வந்த ராஜீய சாஸ்திரப் பாடப்புத்தகங்களிலெல்லாம் ஏறிவிட்டது. அந்த மனிதர் பதவியில் என்ன செய்தார் என்பதை அறியாதவர்கள்கூட இதை அறிவார்கள்.

இதைவிட நுட்பமான ஒரு முள்ளும் இருந்தது. மந்திரியின் காரியதரிசி ஐ.சி.எஸ். உத்தியோகஸ்தர். அவர் கவர்னரை நேரில் கண்டு பேசும் உரிமை உள்ளவர். மந்திரியின் முடிவு தமக்குச் சம்மதமில்லையென்றால் விஷயத்தைக் கவர்னரிடம் கொண்டுபோகலாம். போதிய காரணம் இருப்பதாகத் தோன்றினால் மந்திரியின் யோசனையைத் தள்ளிவிடக் கவர்னருக்குச் சட்டம் இடம் கொடுத்தது. ஆகவே மந்திரி கோப்பில் எழுதிய முடிவு அவர் அறையைவிட்டு வெளியேறும்போதே அதற்கு அப்பீல் தயாராகிவிடலாம். வில்லிங்டன் பிரபு சென்னையில் கவர்னராக இருந்தவரை இரு பாதியையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசி, முள் குத்தாமல் பார்த்துக்கொண்டார் என்பதையும் சொல்லவேண்டும். மந்திரியைத் தாங்குவதும் தாழ்த்துவதும் சட்டத்தின் வாசகத்தைக் காட்டிலும் பக்கத்தில் இருக்கிறவரின் குணத்தைப் பொறுத்தே அன்று நடந்தது.

கோட்டையில் ஒரு கோப்பு எப்படி மலையேறும் என்பதை அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் எனக்கு ஒரு மாலைப்பொழுதில் விஸ்தாரமாகச் சொன்னார். ஜில்லாவிலிருந்து வரும் கடிதத்துக்குக் கரண்ட் என்று பெயர். அதற்கு ஓர் எண் இட்டு, அது சம்பந்தமான பழைய உத்தரவுகளைத் தேடி எடுத்துக் கொடிச்சீட்டு ஒட்டி, குமாஸ்தா தம் குறிப்பை எழுதுவார். வந்த கடிதங்கள் ஒரு கட்டு, எழுதும் குறிப்புகள் ஒரு கட்டு. இரண்டும் சேர்ந்து நாடாவால் கட்டுண்டு மேலே போகும். சூப்பரிண்டெண்டெண்டு ஓரத்தில் கையெழுத்திடுவார். உதவிக் காரியதரிசி ஒரு வரி சேர்ப்பார். காரியதரிசி எல்லாவற்றையும் படித்துவிட்டு, இன்னின்ன வழிகள் உண்டு, அவற்றில் இது உசிதம், உத்தரவுக்காக, என்று முடிப்பார். டவாலி அணிந்த டபேதார் அதைச் சுமந்து உள்ளே கொண்டுபோய் மேஜைமேல் வைப்பார். மந்திரி எழுதவேண்டியது சுருக்கொப்பமும் தேதியும்தான். "அந்த இரண்டெழுத்து விழுவதற்கு முன்னால் பத்துப் பேருடைய கை அதில் பட்டிருக்கும், சார். மந்திரி புதுசா பழசா என்று கோப்புக்குத் தெரியாது, ஆனால் எங்களுக்கு மூணாவது நாளே தெரிந்துவிடும்" என்றார் பெரியவர். எப்படித் தெரியும் என்று கேட்டேன். புது மந்திரி கடைசிப் பக்கத்தை மட்டும் படிப்பாராம். பழகியவர் கொடிச்சீட்டைத் தூக்கிப் பழைய உத்தரவைப் பார்ப்பாராம்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. இத்தனை கையும் பட்டு வெளியே வரும் அரசாணையில் காரியதரிசியின் கையெழுத்து இருக்கும். கவர்னரின் உத்தரவுப்படி என்ற வாசகம் இருக்கும். முடிவு செய்த மந்திரியின் பெயர் இராது. 1950-ல் வந்த அரசியல் சாசனமும் தன் 166-ஆம் ஷரத்தில் இந்த மரபையே வைத்துக்கொண்டது. ஊராருக்குத் தெரியும் காகிதத்தில் மந்திரி இல்லை. உள்ளே நாடாவுக்குள் இருக்கும் காகிதத்தில்தான் அவர் இருக்கிறார். ஆகவே அந்த உள்காகிதத்தில் அவர் இல்லாவிட்டால் அவரை எங்கே தேடுவது என்ற கேள்வி என்றைக்காவது ஒருநாள் எழத்தான் வேண்டும்.

பதில் சொல்லும் கடமைக்கு 1919-ஆம் ஆண்டுச் சட்டம் வைத்த கடிவாளம் சம்பளம். நிர்வாகசபை அங்கத்தினருக்கு உள்ள சம்பளமே மந்திரிக்கும் உண்டு, சட்டசபை அதைக் குறைத்து வாக்களித்தாலன்றி, என்பது விதி. 1924-ல் வங்காளத்தில் சித்தரஞ்சன் தாஸின் சுயராஜ்யக் கட்சியார் மந்திரிகளின் சம்பளத்தையே நிராகரித்தார்கள். மத்திய மாகாணத்திலோ வருஷத்துக்கு இரண்டு ரூபாய் என்று நிர்ணயித்து விளையாடினார்கள். சென்னையில் அந்த வேடிக்கை நடக்கவில்லை. அதற்கு முன்பே, 1923 நவம்பர் மாதக் கடைசியில், பானகல் ராஜாவின் மந்திரிசபைமீது ஸி. ஆர். ரெட்டி நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுவந்து, அது 65-க்கு 44 என்ற வாக்கில் தோற்றது. தோற்றது என்பது சிறு விஷயம். தேர்தல் முடிந்து பதவியேற்ற சூட்டில் ஒரு மந்திரிசபை எழுந்து நின்று தன் நடத்தைக்குச் சமாதானம் சொல்லிற்று என்பதே இந்த ராஜதானி கண்ட புதுமை.

நாள்தோறும் மந்திரியை நிற்கவைத்தது கேள்வி நேரம். கேள்வி கேட்கும் உரிமை 1892-லேயே வந்துவிட்டது. கேட்டவரே உபகேள்வி போடலாம் என்பது 1909-ல். எந்த அங்கத்தினரும் போடலாம் என்பது 1919-ல். உபகேள்விதான் மந்திரியின் வயிற்றைக் கலக்குவது, ஏனெனில் அச்சிட்ட கேள்விக்குப் பதிலை இலாகாவே தயாரித்துக் கொடுத்துவிடும். எந்த உபகேள்வி வரும் என்று ஊகித்து அதற்கும் ஒரு குறிப்பு எழுதிச் சேர்ப்பது காரியாலயத்தாரின் தனிக்கலை. அப்படியும் எதிர்பாராதது ஒன்று வந்து விழும். அப்போது உத்தியோகஸ்தர் மாடத்திலிருந்து ஒரு துண்டுச்சீட்டு புறப்பட்டு, சேவகன் கையில் மெல்ல நடந்து மந்திரியின் மேஜைக்கு வரும். அது வந்து சேரும்வரை, கேள்வி நல்ல கேள்வி என்றும், அங்கத்தினரின் அக்கறையைத் தாம் மெச்சுவதாகவும், மந்திரி பேசிக்கொண்டிருப்பார். பழைய சட்டசபை நடவடிக்கைக் குறிப்புகளைப் புரட்டும்போது இப்படிக் காரணமின்றி நீளும் பதிலைக் கண்டால், அச்சில் ஏறாத அந்தச் சேவகனின் நடை என் கண்ணுக்குத் தெரியும்.

தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது, விஷயம் பரிசீலனையில் இருக்கிறது என்ற இரண்டு பதில்களும் தப்பித்துக்கொள்ளும் கதவுகளாக நெடுநாள் திறந்தே கிடந்தன. மக்கள் சபையில் 1953-ஆம் ஆண்டுக் கடைசியில் சர்க்கார் வாக்குறுதிக் குழு என்று ஒன்று அமைந்தது. மந்திரி சபையில் சொன்ன வாக்குறுதிகளைப் பொறுக்கி எடுத்து, நிறைவேறினவா என்று பின்தொடர்ந்து கேட்பது அதன் வேலை. எந்தெந்தச் சொற்றொடர்கள் வாக்குறுதியாகக் கொள்ளப்படும் என்பதற்கு ஒரு ஜாபிதாவே உண்டு; பரிசீலிக்கப்படுகிறது என்பதும் அதில் சேர்த்தி. காமராஜரின் 'ஆகட்டும், பார்க்கலாம்' அந்த ஜாபிதாவில் எந்த இடத்தில் உட்காரும் என்று நான் யோசித்துப் பார்த்ததுண்டு.

காங்கிரஸ் 1937 ஜூலையில் பதவியேற்றபோது, மாதம் 500 ரூபாய்ச் சம்பளத்தில் ராஜாஜியைச் சேர்த்துப் பத்துப் பேர் மந்திரிகளானார்கள். அவர்களுக்குத் துணையாகப் பார்லிமெண்டரி காரியதரிசிகள் நியமிக்கப்பட்டார்கள். பதவிப் பசிக்குப் போட்ட பந்தி என்று எதிர்க்கட்சியார் பரிகசித்திருக்கலாம். ஆனால் தமிழ்நாட்டில் மந்திரிகளை உருவாக்க யாரேனும் ஏற்பாடு செய்ததுண்டு என்றால் அது இதுதான். மந்திரிக்குப் பதிலாகச் சபையில் எழுந்து பேசுவது, கோப்பை மேலே போகுமுன் படிப்பது, தவறினால் தலை போகாது என்ற தைரியத்தோடு கற்பது: இந்தப் படிக்கட்டில் 1937-ல் கால் வைத்தவர்களுள் ஒருவரான பக்தவத்சலம், 1946-ல் மந்திரியாகி, 1963-ல் முதலமைச்சராக உயர்ந்தார். இலாகா விதிகளை அவர் விரல்நுனியில் வைத்திருந்ததாகச் சொல்வார்கள்.

ஆனால் இந்தச் சித்தாந்தத்தையெல்லாம் காமராஜர் குலைத்துவிடுகிறார். ஒரு நாளும் மந்திரியாக இராதவர், 1954 ஏப்ரலில் நேரே முதலமைச்சர் ஆசனத்தில் வந்து அமர்ந்தார். சட்டசபையிலும் அப்போது இடமில்லாமல், ஆறு மாதத்துக்குள் அங்கத்தினராகவேண்டும் என்ற சாசன விதிக்கிணங்கக் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று வந்தார். அவரோடு சேர்த்து எட்டே பேர் கொண்ட மந்திரிசபை; தலைமைக்குத் தம்மோடு போட்டியிட்ட சி. சுப்பிரமணியத்தையும் அதில் சேர்த்துக்கொண்டார். கோப்பு அவரிடம் வருமுன் ஆளை அவர் படித்திருந்தார் என்றுதான் சொல்லவேண்டும். பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் பரவியதற்குக் கல்வி இலாகா டைரக்டர் நெ. து. சுந்தரவடிவேலுவின் கைவண்ணம் எவ்வளவு என்பதும், அப்படிப்பட்ட அதிகாரியைக் கண்டுகொண்டு பின்னால் நின்றவர் யார் என்பதும் யாவரும் அறிந்தது. நகரசபைப் பள்ளியில் காமராஜர் படிக்கவில்லை. இருபது வருஷம் கிராமம் கிராமமாகச் சுற்றிய கட்சி வேலையில் படித்தார். ஆகவே, மந்திரி வேலைக்கு இதுதான் பாடத்திட்டம் என்று யாராவது சொன்னால் நான் சற்றுத் தயங்கித்தான் தலையசைப்பேன்.

இனி, பதில் சொல்லும் கடமை பதவியையே விலையாகக் கேட்ட சந்தர்ப்பங்கள். சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பரில் சமர்ப்பித்த கோயம்புத்தூர் ஆர். கே. சண்முகம் செட்டியார், சென்னைச் சட்டசபையில் தொடங்கி, மத்திய சட்டசபையின் தலைவராகவும் கொச்சியின் திவானாகவும் இருந்து முதிர்ந்தவர். அவரைவிடத் தேர்ச்சி பெற்ற மந்திரியை அன்று காண்பது அரிது. வருமானவரி விசாரணைக் கமிஷனுக்கு அனுப்பிய ஜாபிதாவிலிருந்து சில பெயர்கள் நீக்கப்பட்ட விவகாரத்தில், 1948 ஆகஸ்டில் அவர் பதவி விலகினார். ஒரு காகிதத்திலிருந்து சில வரிகள் அகன்றதே காரணம்.

எட்டு வருஷம் கழித்து, 1956 நவம்பர் 23-ஆம் தேதி விடியற்காலை, ஓயாத மழையில் அரியலூருக்கருகே மருதையாற்றுப் பாலம் நிலைகுலைந்து, சென்னையிலிருந்து புறப்பட்ட தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் வெள்ளத்தில் கவிழ்ந்தது. இறந்தவர்கள் நூற்றுக்கு மேல். சில மாதங்களுக்கு முன் மகபூப்நகரில் நேர்ந்த விபத்தின்போதே ராஜிநாமாக் கொடுத்து, நேரு அதை ஏற்காததால் நீடித்திருந்த ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி, இப்போது மறுபடியும் கொடுத்தார். நேருவும், அவர்மீது குற்றமில்லை என்றாலும் ஒரு நல்ல மரபு ஏற்படவேண்டும் என்பதற்காக, ஏற்றுக்கொண்டார். சாஸ்திரி எந்தக் கோப்பிலும் பிழையாகக் கையெழுத்திடவில்லை. அவர் விலகினது மனச்சாட்சியின் காரியம். உதவி மந்திரியாக இருந்த நம்மவர் ஓ. வி. அழகேசனோ, அடுத்த வருஷத் தேர்தல் மேடைகளில் அரியலூரோடு மோனை கூட்டித் தம் பெயர் ஒலிக்கக் கேட்கவேண்டியிருந்தது. பாலங்களைச் சோதித்துப் பார்க்கிறவர்கள் யார், அந்த மழையில் அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்ற கேள்வி, ஒருவர் துறவும் மற்றொருவர் தோல்வியுமாகக் கலந்த அந்த ஆரவாரத்தில் சற்றுப் பின்னுக்குப் போயிற்று என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

உண்மையான பரீட்சை முந்த்ரா விவகாரத்தில் வந்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளையெல்லாம் தேசியமயமாக்கி 1956 செப்டம்பரில் உண்டான ஆயுள் காப்பீட்டுக் கார்ப்பொரேஷன், 1957 ஜூனில், ஹரிதாஸ் முந்த்ரா என்ற கல்கத்தா வியாபாரிக்குச் சம்பந்தமான ஆறு கம்பெனிகளின் பங்குகளை ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு வாங்கிற்று. கார்ப்பொரேஷனுக்கென்று முதலீட்டுக் குழு இருந்தது. அதைக் கேட்காமலே வாங்கியாயிற்று. அந்த வருஷம் மக்கள் சபையில் கேள்விகள் எழுந்தன. வந்த பதில்கள் வழுக்கின. டிசம்பர் 16-ஆம் தேதி, ஆளும் கட்சியைச் சேர்ந்தவரும் பிரதம மந்திரியின் மருமகனுமான பெரோஸ் காந்தி எழுந்து புள்ளிவிவரத்தோடு வெளுத்துக்கட்டியபின் மூடி மறைக்க வழியில்லை. பம்பாய் ஹைகோர்ட்டுப் பிரதம நீதிபதி சாக்ளாவை ஒருநபர் கமிஷனாக நியமித்தார்கள். அவர் பம்பாயில் பகிரங்கமாகவே விசாரித்தார். உள்ளே இடம் கிடைக்காத கூட்டம் வெளியே ஒலிபெருக்கியில் சாட்சியத்தைக் கேட்டது.

அங்கே கேட்டதெல்லாம் ஒரு கேள்வியைச் சுற்றிச் சுற்றி வந்தது. நிதி மந்திரி டி. டி. கிருஷ்ணமாச்சாரியிடம் விஷயத்தைச் சொன்னதாகவும், அவர் சம்மதித்ததாகவும் நிதிக் காரியதரிசி எச். எம். பட்டேல் சொன்னார். அப்படி ஒரு சம்மதம் தாம் கொடுக்கவில்லை என்றார் மந்திரி. பேச்சு நடந்தது, குறிப்பு இல்லை. ஒன்றேகால் கோடி ரூபாய் புரண்ட காரியத்தில், குமாஸ்தாவின் கரண்டும் கொடிச்சீட்டும் நாடாவும், கடைசிப் பக்கத்தின் அடியில் விழவேண்டிய அந்த இரண்டெழுத்தும் இல்லை. சோழனிடம் இருந்த திருவாய்க்கேள்வி இருவருக்கும் நடுவே உட்கார்ந்திருக்கவில்லை. இருவரும் கெட்டிக்காரர்கள், நிர்வாகத்தில் தேய்ந்தவர்கள், மந்திரி வியாபாரத்தில் கைதேர்ந்து வந்த சென்னைக்காரர், காரியதரிசி ஐ.சி.எஸ். மரபில் புடம்போட்டவர். அத்தனை தேர்ச்சியும் அவர்களுக்குத் துணிச்சலைக் கொடுத்ததே தவிர, நாலு வரி எழுதிவைக்கும் பழக்கத்தை அந்த ஜூன் மாதத்தில் நினைவூட்டவில்லை.

சாக்ளா விவகாரத்தை வெகுநாள் இழுக்கவில்லை. 1958 பிப்ரவரியிலேயே அறிக்கை கொடுத்துவிட்டார். காரியதரிசியின் செய்கைக்குச் சாசன ரீதியாக மந்திரியே பொறுப்பாளி, அவர் தம் உத்தியோகஸ்தரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளவோ அவரைக் கைகழுவிவிடவோ கூடாது என்பது அவர் கண்ட முடிவு. மந்திரி சொன்னதா சொல்லாததா என்ற சண்டையையே இது ஒரு விதத்தில் அற்பமாக்கிவிடுகிறது: எழுதியிருந்தாலும் அவர் பொறுப்பு, எழுதாவிட்டாலும் அவர் பொறுப்பு. கிருஷ்ணமாச்சாரி அந்த மாதத்திலேயே ராஜிநாமாச் செய்தார். நேரு வருத்தத்தோடு ஏற்றார். உத்தியோகஸ்தர்களின் நடத்தையை விவியன் போஸ் தலைமையில் வேறொரு குழு விசாரித்தது. இந்த முடிவு நியாயந்தானா என்று அன்று மயிலாப்பூர்த் திண்ணைகளில் வாக்குவாதம் நடந்திருக்கும். செய்ததை ஒருவர் செய்ய, தண்டனை வேறொருவருக்கா என்று கேட்பவர்களுக்கு எளிதில் பதில் கிடையாது. ஆனால் ஊராருக்குத் தெரியும் உத்தரவில் மந்திரியின் பெயரே இல்லாத ஒரு நிர்வாகத்தில், சபை பிடித்துக்கொள்வதற்கு வேறு கை எது இருக்கிறது?

கிருஷ்ணமாச்சாரி 1962-ல் மந்திரிசபைக்குத் திரும்பி, மறுவருஷம் மீண்டும் நிதி மந்திரியாகி, 1965-ஆம் ஆண்டு முடியும் தறுவாயில் இரண்டாம் தடவையும் ராஜிநாமாச் செய்து, 1974-ல் காலமானார். அதற்கு மூன்று வருஷத்துக்கு அப்பால், 1977 மார்ச்சில் மொரார்ஜி தேசாய் அமைத்த ஜனதா மந்திரிசபையில் நிதி இலாகா எச். எம். பட்டேலுக்குக் கிடைத்தது. காரியதரிசியாக இருந்து தாம் கோப்பு அனுப்பிக்கொண்டிருந்த அதே இலாகாவில், இப்போது வேறொரு காரியதரிசி குறிப்பெழுதி அனுப்பிய கோப்புகள் அவர் மேஜைக்கு வந்து சேர்ந்தன.